ஏழு வரை எண்ணிய டைமண்ணன்

அந்த பஸ் டிப்போவில் பெற்றோர் வைத்த பெயரெல்லாம் வாசலோடு சரி. உள்ளே வந்துவிட்டால் ஓட்டுகிற ரூட்டின் எண்தான் பெயர். பதினேழு, நாற்பத்திரண்டு, ஐந்து ஏ. இந்த ஐந்து ஏ தன் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தகப்பன் பெயர் என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் ரூட் எண்ணை எழுதிவிட்டு, கீழே எந்தெந்த நிறுத்தங்கள் வழியாக என்பதையும் எழுதிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.

ரூட் இல்லாத ஒரே மனிதர் டைம்கீப்பர். அவரை டைமண்ணன் என்றார்கள். வெளியே போகும் வாசலில் நான்குக்கு நான்கடி கூண்டு. அதில் ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம். இருபத்தாறு வருடம் அந்தக் கூண்டில் உட்கார்ந்து, போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் நேரம் எழுதினார். ஒருமுறை சூரியன் இரண்டு நிமிடம் தாமதமாக உதித்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ எழுதிவிட்டார் என்பார்கள். அந்த மெமோவை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு சூரியன் லேட்டாக வந்ததாக யாரும் சொல்லவும் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு புதன்கிழமை அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பதினொரு நாள் காய்ச்சல், பன்னிரண்டாம் நாள் இல்லை. ஆஸ்பத்திரிப் போர்வையை மடித்துக் கொடுத்தார். கையெழுத்து போடச் சொன்ன இடத்தில் போட்டார். எல்லாம் முடிந்த பின் வேலைக்கு வந்து, முதல் வண்டிக்கு ஐந்து பன்னிரண்டு என்று எழுதினார். அழவில்லை. அழுகையை அடக்கியதாகவும் சொல்ல முடியாது, அடக்க ஏதாவது இருந்தால்தானே. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய உதடு மாதிரி இருந்தது உள்ளே. உதடு அங்கேதான் இருக்கிறது, கடித்தால் தெரியாது. அந்த ஊசி இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பார்கள். அவருக்கு இரண்டு வருடமாக இறங்கவில்லை.

வீட்டில் அவரும் அவருடைய மாமியாரும் மட்டும். மகள் போன பிறகு மாப்பிள்ளை வீட்டில் மாமியார் இருப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் இல்லை. பேசிக்கொண்டதில்லை என்றால் அதை மட்டும்தான்; மாமியார் மற்ற எல்லாவற்றையும் பேசுவார், மாப்பிள்ளை "உம்" என்பார்.

"மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுக் குழாய்ல ரெண்டு நாளா தண்ணி வரலயாம்."

"உம்."

"நம்ம வீட்டுக் குழாய்ல யானை வருது."

"உம்."

"குட்டி யானைதான். வாளியில புடிச்சு வச்சிருக்கேன்."

"உம், சரிங்க அத்தை."

பிறகு டிப்போவில் மின்பலகை வைத்தார்கள். வண்டி வாசலைத் தாண்டினால் அதுவே நேரம் எழுதிக்கொண்டது. கூண்டைக் கழற்றி எடுத்த இடத்தில் நான்கடிச் சதுரமாகத் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. டைமண்ணனை என்ன செய்வது என்று மேனேஜர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. டிப்போவுக்கு ஒரு கோச் வேண்டும். ஊழியர்களோடு தனியாக உட்கார்ந்து பேசி, அவரவர் பிரச்சினையை அவரவரே தீர்த்துக்கொள்ளக் கைகொடுக்கும் ஆள். உள்ளிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பவும்.

மேனேஜர் கூப்பிட்டார். "டைமு, நீதான்யா சரியான ஆளு. அந்தக் கூண்டு வாசல்ல நின்னு எத்தன டிரைவருங்க மனசத் திறந்து கொட்டிருக்காங்க. ஒருத்தன் பேசறப்பவாவது நீ குறுக்க பேசிருக்கியா?"

"இல்லங்க சார்."

"அதான்யா. கேக்குற குணம் உனக்குப் பொறப்புலயே இருக்கு."

பொறப்பில் இருந்ததா, புதன்கிழமையிலிருந்து வந்ததா என்று மேனேஜர் பிரித்துப் பார்க்கவில்லை. டைமண்ணனும் சொல்லவில்லை.

மாமியாருக்கு விஷயம் போனபோது, "இந்த வயசுல யாரு மாப்பிள்ளை உங்க பின்னால ஓடப் போறா? விசில் ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார்.

பயிற்சி பன்னிரண்டு சனிக்கிழமைகள். சொல்லிக்கொடுத்த அம்மாள் குள்ளமானவர். பெரிய கண்ணாடி போட்டிருப்பார், கேள்வி கேட்டே பழகிப்போனவர். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டால், "நீங்க எந்தப் பக்கம்னு நினைக்கிறீங்க?" என்பார் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். கோச்சாக வருகிறவருக்குப் படிப்பு கால்வாசி, குணம் முக்கால்வாசி என்பது அவர் கட்சி. அடுத்தவரைப் பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் வேண்டும். முக்கியமாக, அறிவுரை சொல்லும் அரிப்பு அடங்க வேண்டும்.

வகுப்பில் பதினான்கு பேர். பதின்மூன்று பேருக்கு அந்த அரிப்பு தீரவில்லை. பயிற்சிக்காக ஒருவர் "எனக்குத் தூக்கம் வரல" என்று நடித்தாலே போதும், பால் குடிங்க, நடந்துட்டு வாங்க, கட்டில திருப்பிப் போடுங்க என்று பாய்ந்தார்கள். டைமண்ணன் மட்டும் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. அம்மாள் அசந்துபோனார்.

ஒரே ஒரு குறைதான் கண்டுபிடித்தார். "நீங்க அவங்க முடிக்கிறதுக்கு முன்னாடியே 'உம்' போட்டுடறீங்க சார். அது கதவைச் சாத்துற மாதிரி இருக்கு. அவங்க நிறுத்தின பிறகும் கொஞ்சம் விடுங்க. முக்கியமான பேச்சு அந்த இடைவெளியிலதான் வரும்."

"கொஞ்சம்னா எவ்வளவுங்க?"

வேறு யாராவது கேட்டிருந்தால் அம்மாள் கேள்வியாலேயே பதில் சொல்லியிருப்பார். இருபத்தாறு வருடம் நேரம் எழுதின மனிதர் நோட்டும் பேனாவுமாகக் காத்திருக்கும்போது எண் சொல்லாமல் இருக்க முடியுமா? "ஏழு எண்ணுங்களேன்" என்று சொல்லிவிட்டார். டைமண்ணன் எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

டிப்போவில் பழைய டிக்கெட் கட்டுகள் கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, தண்ணீர் ஜாடி. எதிர் நாற்காலிக்கு மேலே, சுவரில், விநாடி முள் வைத்த கடிகாரம் ஒன்றை அவரே மாட்டினார். ஆட்கள் வந்தார்கள். பேசினார்கள். நிறுத்தினார்கள். டைமண்ணன் அவர்கள் தலைக்கு மேலே பார்த்து ஏழு எண்ணி, பயிற்சித் தாளில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டார். அவர்களோ அந்த ஏழு விநாடியின் கனம் தாங்காமல் மேலும் பேசி, தாங்களாகவே ஏதோ ஒரு முடிவுக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். பேர் பரவிவிட்டது. நாற்பத்திரண்டு தன் தம்பியோடு எட்டு வருடம் கழித்துப் பேசினார். மேனேஜரே ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு, வெளியே வந்து அரை நாள் லீவு போட்டார். அந்த எதிர் நாற்காலியில் பூனையை உட்காரவைத்தாலும் அது எலியிடம் மன்னிப்புக் கேட்கும் என்றார்கள்.

இனி சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஒரு சந்திப்பைப் பதிவுசெய்து, அதில் இருக்கிற ஒவ்வொரு சொல்லையும், தும்மலைக்கூட விடாமல், தன் கையாலேயே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு தேர்வாளர் கேட்டுப் பார்த்து முடிவு சொல்வார்.

பதினேழு என்பவள் நாற்பது வயதுக்காரி. பதினான்கு வருடமாக அதே ரூட்டில், டிப்போவிலிருந்து ஆற்றுப் பாலம் ஏறி ஆஸ்பத்திரி வரை, ஓட்டுகிறாள். ஒரு ட்ரிப் லேட்டானதற்கு ஷிப்டு இன்சார்ஜ் திட்டிவிட்டார் என்று குறை சொல்ல, ஒரு வியாழக்கிழமை காலை வந்தாள். பதிவுக்குச் சம்மதமா என்று டைமண்ணன் கேட்டார். "தாராளமா. நான் பேசறத யாராவது ரெண்டு தடவ கேட்டாங்கன்னா அதுவே பெரிசு" என்று கையெழுத்துப் போட்டாள். நாற்பது நிமிடம் ஓடியது. குறிப்பேட்டில் அவர் எழுதிக்கொண்டது: டிரைவர் சீட் குஷன் கிழிசல், தானே மனு கொடுப்பதாக முடிவு, திருப்தி.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காதில் இயர்போனோடு இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எதிரே மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"பரீட்சையா மாப்பிள்ளை? பிட்டு ஏதாவது எழுதித் தரட்டா?"

"உம்."

"அதுல யாரு பேசுறா? என்ன பேசுறா?"

"சொல்லக் கூடாதுங்க அத்தை."

"நீங்க சொல்லக் கூடியதையே சொன்னதில்ல. சொல்லக் கூடாததையா சொல்லப் போறீங்க."

இருபத்திரண்டாவது நிமிடம். அவர் குரல்: "அந்த ட்ரிப்புல என்னதான் நடந்துச்சு?" பதினேழு: "ஒண்ணும் நடக்கல."

அடுத்தது மௌனம் என்று அவருக்கு ஞாபகம். மௌனம் என்று தட்டி, அடைப்புக்குறிக்குள் ஏழு விநாடி என்றும் போட்டுவிட்டார். ஆனால் காதில் மௌனம் இல்லை. எலி அட்டைப்பெட்டியைக் கொறிப்பது மாதிரி ஒரு சத்தம். சத்தத்தைக் கூட்டினார். ஒண்ணு... ரெண்டு... மூணு... பல்லிடுக்கில் எண்ணிக்கொண்டிருந்தது அவர்தான். அந்தக் கொறிப்புக்குக் கீழே, குரலைத் தணித்து, பதினேழு பேசிக்கொண்டிருந்தாள்.

"பாலத்துல ஏறுறது தெரியுது டைமண்ணே. இறங்குறது தெரியல. கண்ணு தொறந்துதான் இருக்கு. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஜனங்க இறங்குறப்பதான் நானே வந்து சேர்றேன். நாலஞ்சு தடவ ஆயிடுச்சு."

ஆறு... ஏழு. உடனே அவருடைய குரல், தெளிவாக, கனிவாக, பயிற்சித் தாளில் இருந்தது இருந்தபடி: "சரி. இதுல உங்களுக்கு எது முக்கியம்னு தோணுது?"

"குஷன்தான்" என்றாள். பதினொரு நிமிடம் குஷனைப் பற்றிப் பேசினாள்.

மூன்று முறை கேட்டார். பயமாவது வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. வந்ததெல்லாம் கணக்குத்தான். ஷிப்டுக்கு ஐந்து ட்ரிப், போக வர பத்துத் தடவை பாலம். வியாழன், வெள்ளி. அவர் காதில் விழாத பிறகு அவள் இருபது முறை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறாள். இன்று மதிய ஷிப்டு இரண்டு மணிக்கு ஆரம்பம். இப்போது மூன்று பத்து. போனிலேயே நாற்பத்திரண்டின் பதிவும் இருந்தது, தம்பி, அழுகை, சமாதானம் எல்லாம் சுத்தமாக. அதைத் தட்டி அனுப்பினால் தேர்ச்சி நிச்சயம். அதையும் யோசித்தார். யோசிக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

பயிற்சி அம்மாளுக்குப் போன் போட்டு, ஆள் யாரென்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னார்.

"என்ன செய்யணும்னு உங்களுக்குத் தோணுது சார்?"

"தோணியிருந்தா உங்களுக்கு எதுக்குங்க போன் பண்றேன்?"

"முதல் சந்திப்புல அவங்ககிட்ட என்ன சொல்லி ஆரம்பிச்சீங்க?"

"பேப்பர்ல இருந்தத வாசிச்சேன். இங்க பேசுறது வெளிய போகாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன்னு."

"அப்ப, சொல்ல வேண்டியவங்களுக்கு முன்னாடி யாருகிட்ட பேசணும்?"

"அவங்ககிட்டதான்."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"வண்டியில. ஓட்டிக்கிட்டு."

"ஐயையோ! என்ன சார் போன்ல நின்னுக்கிட்டு... ஓடுங்க சார்!"

அந்த அம்மாள் வாழ்நாளில் கொடுத்த ஒரே அறிவுரை அதுதான் என்கிறார்கள். டைமண்ணன் மேனேஜருக்குப் போன் போட்டார். போன் மணி அடித்து ஓய்ந்தது. மாமியார் கேட்டதற்கு "உம்" கூடப் போடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் வண்டியைப் பிடித்தார். நல்ல கூட்டம். முன்வாசலில் ஏறி, "பதினேழு, ஒரு நிமிஷம்..." என்றார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"ஏறி உள்ள போங்க டைமண்ணே. அஞ்சு நிமிஷம் லேட்டு எனக்கு." கதவு சாத்தி வண்டி கிளம்பியது.

அவள் தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசக் கூடாது' என்று பலகை. டைமண்ணன் அதற்கு நேர் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தின் நடுவில் விஷயத்தைச் சொன்னால் அவள் கை தடுமாறலாம். சொல்லாமல் விட்டால் பாலம் வந்துவிடும்.

"பதினேழு, முன்னால போற லாரி என்ன கலரு?"

"என்னது?"

"லாரி. என்ன கலரு?"

"பச்சை. ஏன்?"

"அதுக்கு முன்னால?"

"ரெண்டு ஸ்கூட்டர். என்ன டைமண்ணே, தண்ணி போட்டிருக்கீங்களா?"

வண்டி பாலத்தில் ஏறியது. "இடது பக்கம் கைப்பிடிச் சுவர்ல என்ன எழுதியிருக்கு?"

ஒரு பெரியவர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "யோவ், போர்டு கண்ணுக்குத் தெரியலையா? ஓட்டுறவங்ககிட்ட என்னய்யா வாயாடுற?"

டைமண்ணன் திரும்பவில்லை. "சொல்லுங்கம்மா, என்ன எழுதியிருக்கு?"

பதில் வரவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. திறந்திருந்தன என்பதைத் தவிர அவற்றில் வேறு ஒன்றும் இல்லை. அந்த முகத்தை அவருக்குத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிற முகம்தான்.

"பதினேழு!" என்றார். இரண்டு வருடத்தில் அவர் போட்ட முதல் சத்தம் அது. முன்சீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது.

"ஆங்," என்றாள். "வாடகைக்கு விடப்படும்னு. போன் நம்பர் அழிஞ்சிருக்கு."

"எத்தன நம்பர் தெரியுது?"

இப்படியே கேட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்தார். அவள் குரல் எப்படி, வேகம் எப்படி, எந்த இடத்தில் தொய்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டார். அது மட்டுமே அவர் கையில் இருந்தது. பின்னால் பெரியவர் ஆற்றை விட நீளமாகத் திட்டிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பின் எஞ்சினை அணைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க. என்ன இது கூத்து?"

"வியாழக்கிழமை நீங்க பாலத்தப் பத்திச் சொன்னீங்க. நான் கேக்கல."

"சொன்னேனா? நீங்க ஒண்ணும் சொல்லாததால, அது பெரிய விஷயம் இல்ல போலன்னு விட்டுட்டேன்."

"நான் உங்கள கவனிக்கலம்மா. நீங்க பேசும்போது பல்லுக்குள்ள எண்ணிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு ரெக்கார்டுலதான் கேட்டேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "மேனேஜர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்லித்தான் ஆகணும். நீங்களே சொன்னீங்கன்னா நல்லது."

"சொன்னா வண்டிய எடுத்துருவாங்க."

"எடுத்துருவாங்க."

"பதினாலு வருஷம் டைமண்ணே. இத விட்டு இறங்கினா நான் பதினேழு இல்ல. வேற என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"தெரியலம்மா."

"ஒரு ஆறுதலுக்காவது ஏதாவது சொல்றது?"

"பொய்யா வரும்."

வெளியே கூட்டம் கதவைத் தட்டியது. அவள் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை எடுத்தார். "சார், நான் வண்டிய இங்கயே நிறுத்துறேன். என்னால ஓட்ட முடியாது. இல்ல சார், காய்ச்சல் இல்ல. ஸ்பேர் டிரைவர அனுப்புங்க" என்றாள். சாவியை உருவி டைமண்ணனிடம் கொடுத்தாள்.

அவர் இறங்கிப் போய் வாசலில் நின்று, வண்டி போகாது என்று சொன்னார். நாற்பது பேர் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தார்கள். மாற்று டிரைவர் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. அதுவரை அங்கேயே நின்றார். பதினேழு டிரைவர் சீட்டை விட்டு எழுந்து, பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு முடிவை இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பதினேழின் பதிவை, அவளிடம் மறுபடி சம்மதம் கேட்டுக்கொண்டு, தான் எண்ணியது உட்பட அப்படியே தட்டி அனுப்பினார். தேர்ச்சி இல்லை. 'மௌனம் இருக்கிறது, ஆள் இல்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்' என்று ஒரே வரி வந்தது. மாமியார், "பெயிலா?" என்றார். "ஆமாங்க அத்தை." "ரிசல்ட்டாவது சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை கம்பெனி டாக்டரிடம் பதினேழு போனபோது, கூட ஒருவர் வர வேண்டும் என்று விதி. அவள் டைமண்ணனைக் கேட்டாள். பிரியமாகக் கேட்கவில்லை. "வண்டிய விட்டு இறக்கினது நீங்கதானே, வாங்க" என்றாள். போனார். வெள்ளைச் சுவர், எடை பார்க்கும் மிஷின், கண் பரிசோதனை அட்டை. டாக்டர் இளம் பெண். படிவத்தில் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"இந்தக் குறைய முதல்ல கவனிச்சது யாரு? சார், நீங்களா?"

"இல்லங்க. அவங்களேதான் கவனிச்சாங்க. அவங்களேதான் சொன்னாங்க."

"தானே கவனித்தது" என்று எழுதினாள் டாக்டர். "தூக்கம் எப்படி?"

"படுத்தா வரும். எழுந்தா போகாது" என்றாள் பதினேழு.

"இது எப்ப ஆரம்பிச்சது?"

"தெரியல. எங்கம்மா போனதுக்கு அப்புறமா இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

அவளுக்கு அம்மா இறந்தது டைமண்ணனுக்குத் தெரியாது. நாற்பது நிமிடப் பதிவில் அது இல்லை. கேட்டிருந்தால் இருந்திருக்கும்.

"மொத்தம் எத்தன தடவ இப்படி ஆச்சு? தோராயமா சொல்லுங்க, நாலஞ்சா?"

பதினேழு டைமண்ணனை ஒருமுறை பார்த்தாள். அவர் தலைக்கு மேலே எதையும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பது" என்றாள்.

டாக்டர் எழுதிக்கொண்டாள்.